கேள்வி – பதில்: பதினேழாம் லெவலில் ஒரு கேரக்டர்

இந்த இதழில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகள் மட்டும். எல்லாமே ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பற்றியவை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, டி.எம். எனப்படும் ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, டைஸ் உருட்டி ஆடும் விளையாட்டு இது. கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒவ்வொரு கேரக்டருக்கும் ஃபைட்டர் (போர்வீரர்), விசார்ட் (மந்திரவாதி) என்று ஒரு வகுப்பு உண்டு. கேரக்டர்கள் 1 முதல் 20 லெவல் வரை வளர்வார்கள். கீழே உள்ள கணக்குகள் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி போடப்பட்டவை.

கேள்வி: சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் எங்கள் குழு ஒன்றுசேர முடிகிறது. ஆறாம் லெவலைத் தாண்டி ஆடியதே இல்லை. அடுத்த முறை நேராகப் பதினேழாம் லெவலில் ஒருநாள் கதை என்று டி.எம். அறிவித்துவிட்டார். நான் ஃபைட்டர். எங்கிருந்து ஆரம்பிப்பது?
— ஓசூர் வாசகர்

முதல் லெவலிலிருந்துதான். பதினேழாம் லெவலைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதினால் நடுவில் ஏதாவது விட்டுப்போகும். பெரும்பாலும் விட்டுப்போவது ஸ்கோர் உயர்வு (ஸ்ட்ரெங்த் போன்ற ஆறு குணங்களின் எண்களைக் கூட்டுவது). மற்ற வகுப்புகளுக்குப் பதினேழாம் லெவலுக்குள் அது நான்கு முறைதான் வரும் (பதுங்கித் தாக்கும் ரோகுக்கு மட்டும் ஐந்து). ஃபைட்டருக்கு 4, 6, 8, 12, 14, 16 என்று ஆறு முறை வரும். ஒவ்வொரு முறையும் இரண்டு புள்ளி, அல்லது டி.எம். அனுமதித்தால் ஒரு ஃபீட் (தனிச் சிறப்புத் திறன்).

ஒரு மனித ஃபைட்டரைக் கட்டிப் பார்ப்போம். வழக்கமான எண் வரிசை 15, 14, 13, 12, 10, 8. ஸ்ட்ரெங்த்துக்கு 15, கான்ஸ்டிடியூஷனுக்கு (உடல் தாங்குதிறன்) 14, டெக்ஸ்டெரிட்டிக்கு (சுறுசுறுப்பு) 13, விஸ்டமுக்கு 12, கரிஸ்மாவுக்கு 10, இன்டெலிஜென்ஸுக்கு 8 என்று வையுங்கள். மனிதருக்கு எல்லாவற்றிலும் ஒன்று கூடும். 4-லும் 6-லும் ஸ்ட்ரெங்த்தை 16-லிருந்து 20-க்கு ஏற்றுங்கள். 20-தான் உச்சவரம்பு. 8-ல் ‘ரெசிலியன்ட்’ ஃபீட்டை விஸ்டமுக்கு எடுங்கள். விஸ்டம் 14 ஆகும், விஸ்டம் சேவிங் த்ரோவில் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் டைஸ்) தேர்ச்சியும் கிடைக்கும். 12-ல் கான்ஸ்டிடியூஷனுக்கு ஒன்று, கரிஸ்மாவுக்கு ஒன்று. 14, 16 இரண்டும் கான்ஸ்டிடியூஷனுக்கே. அது 20 வந்து நிற்கும்.

ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கலாம் என்ற எண்) கணக்கு: முதல் லெவலில் பத்துமுக டைஸின் முழு 10-உடன் கான்ஸ்டிடியூஷன் தரும் 5. பிறகு பதினாறு லெவலுக்கும் நிலையான சராசரி 6-உடன் 5. ஆக 15 + 176 = 191. கான்ஸ்டிடியூஷன் பின்னால் உயர்ந்தாலும் அந்தக் கூட்டல் முந்தைய எல்லா லெவலுக்கும் சேர்ந்தே வரும். பலர் கடைசி லெவலுக்கு மட்டும் சேர்த்துவிட்டு முப்பது நாற்பது பாயிண்ட் குறைவாக ஆடுகிறார்கள்.

ஸ்ட்ரெங்த்துக்கு அடுத்து விஸ்டமைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உயர் லெவலில் ஃபைட்டர் தோற்பது அடி போதாததால் அல்ல. ஏதோ ஒரு சேவிங் த்ரோ பாதுகாப்பில்லாமல் திறந்து கிடப்பதால்தான். வளர்ந்த சிவப்பு டிராகனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அச்சமூட்டும் பார்வை 120 அடி வரை எட்டும். தப்பிக்க விஸ்டம் சேவிங் த்ரோவில் 19 வேண்டும். விஸ்டம் 13, தேர்ச்சி இல்லை என்றால் உங்கள் கூட்டல் வெறும் 1. இருபது முக டைஸில் 18, 19, 20 விழுந்தால்தான் பிழைப்பீர்கள், அதாவது 15 சதவீதம். ரெசிலியன்ட் எடுத்தவருக்குக் கூட்டல் 8 (விஸ்டம் 2 + தேர்ச்சி 6). 11 விழுந்தால் போதும், 50 சதவீதம். பயந்துவிட்ட ஃபைட்டர் டிராகனை நெருங்கக்கூட முடியாது. அது கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்வரை அடிக்கும் ஒவ்வொரு உருட்டும் டிஸ்அட்வான்டேஜில் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) போகும். மூன்று அடி அடிப்பவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

‘இண்டாமிடபிள்’ என்ற திறன் தோற்ற சேவிங் த்ரோவை மறுபடி உருட்ட விடும். உங்கள் லெவலில் ஒரு நீண்ட ஓய்வுக்கு மூன்று முறை. இதை நம்பி விஸ்டமை விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். 15 சதவீதத்தை இரண்டு முறை முயன்றாலும் 28-க்குள்தான் வரும். 50 சதவீதம் 75 ஆகிவிடும். ‘ஆக்‌ஷன் சர்ஜ்’ (ஒரே டர்னில் இன்னொரு செயல்) உங்களுக்கு ஓய்வுக்கு இரண்டு முறை உண்டு. ஆனால் ஒரே டர்னில் இரண்டையும் போட முடியாது. ஷீட்டில் அதன் பக்கத்திலேயே இதையும் குறித்துவையுங்கள்.

குழுவில் பாலடின் (சபதம் பூண்ட புனித வீரர்) இருந்தால் அவருக்குப் பத்து அடிக்குள் நில்லுங்கள். அவருடைய கரிஸ்மா 20 என்றால் உங்கள் எல்லா சேவிங் த்ரோவிலும் 5 கூடும். கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடுபவர்) இருந்தால் சண்டைக்கு முன் ‘ஹீரோஸ் ஃபீஸ்ட்’ என்ற ஸ்பெல்லை (மந்திரம்) கேளுங்கள். பன்னிரண்டு பேர் வரை ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டால், அடுத்த 24 மணி நேரத்துக்குப் பயமே வராது, விஷமும் ஏறாது. ஆயிரம் தங்கக் காசு மதிப்புள்ள ரத்தினம் பதித்த கிண்ணம் அதில் செலவாகிவிடும்.

கேள்வி: பதினேழாம் லெவல் விசார்ட் ஆடுகிறேன். என் டர்ன் வந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிவிடுகிறது. மற்றவர்கள் போனை எடுத்துவிடுகிறார்கள். ஸ்பெல் அதிகமாக இருப்பதுதான் பிரச்சினையா?
— கிருஷ்ணகிரி, கல்லூரி மாணவி

ஸ்பெல் அதிகமாக இருப்பதால் தாமதமாகவில்லை. எதை எப்போது போடுவது என்ற முடிவை டர்ன் வந்த பிறகு எடுப்பதால்தான் தாமதம். அந்த முடிவுகளில் முக்கால்வாசியை முந்தைய நாள் வீட்டிலேயே எடுத்துவிடலாம்.

முதலில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். இன்டெலிஜென்ஸ் 20 என்றால் நீங்கள் தயார் செய்யக்கூடியது 17 + 5 = 22 ஸ்பெல். புத்தகத்தில் இருப்பது குறைந்தது 38 (முதல் லெவலில் ஆறு, பிறகு லெவலுக்கு இரண்டு). வேறிடத்தில் கிடைத்த ஸ்பெல்லை எழுதிச் சேர்க்க, அதன் நிலை (ஸ்பெல்லின் தரம், 1 முதல் 9 வரை; கேரக்டரின் லெவல் வேறு) ஒவ்வொன்றுக்கும் 50 காசும் இரண்டு மணி நேரமும் ஆகும். ஐந்தாம் நிலை ஸ்பெல் என்றால் 250 காசு, பத்து மணி நேரம். ஸ்லாட்டுகள் (ஸ்பெல் போடும் வாய்ப்புகள்) ஒன்றாம் நிலைக்கு நான்கு, இரண்டு, மூன்று, நான்காம் நிலைகளுக்கு மும்மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறு முதல் ஒன்பது வரை ஒவ்வொன்று. ஒரு குறு ஓய்வில் ‘ஆர்கேன் ரிக்கவரி’ மூலம் மொத்தம் ஒன்பது நிலை மதிப்புள்ள ஸ்லாட்டுகளை மீட்கலாம். ஆறாம் நிலையும் அதற்கு மேலும் அதில் வராது.

ரிச்சுவல் என்று குறித்த ஸ்பெல்களை 22-ல் சேர்க்கவே வேண்டாம். ‘டிடெக்ட் மேஜிக்’, ‘ஐடென்டிஃபை’, ‘டைனி ஹட்’ எல்லாம் புத்தகத்தில் இருந்தாலே போதும். பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, ஸ்லாட் செலவில்லாமல் போடலாம். இது விசார்டுக்கு உள்ள வசதி. இடம் காலியானால் தலைவலியும் குறையும்.

மீதி ஸ்பெல்களை மூன்று அட்டைகளில் பிரித்து எழுதுங்கள். முதல் அட்டையில் கான்சன்ட்ரேஷன் (ஸ்பெல் ஓடும்வரை விடாத கவனம்) தேவைப்படுபவை: ‘வால் ஆஃப் ஃபோர்ஸ்’, ‘ஃப்ளை’, ‘பாலிமார்ஃப்’, ‘மேஸ்’. இவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். இரண்டாவது அட்டையில் கான்சன்ட்ரேஷன் வேண்டாதவை: ‘டிஸ்இன்டக்ரேட்’, ‘டைமென்ஷன் டோர்’, ‘ஃபோர்ஸ்கேஜ்’. மூன்றாவதில் ரியாக்‌ஷனில் போடுபவை: ‘ஷீல்ட்’, ‘கவுன்டர்ஸ்பெல்’ (எதிரியின் ஸ்பெல்லை வெட்டுவது). மூன்றாவது அட்டை மற்றவர்களின் டர்னில் பார்ப்பதற்கு. உங்கள் டர்னில் அதைத் தொடவே கூடாது.

இனி டர்ன் எப்படி ஓடும் என்று பாருங்கள். கூட்டாளியின் டர்ன் நடக்கும்போதே, எனக்கு இப்போது கான்சன்ட்ரேஷன் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வால் ஆஃப் ஃபோர்ஸ் நின்றுகொண்டிருந்தால் முதல் அட்டை மூடிக்கொள்ளும். ஏழெட்டு ஸ்பெல் ஒரேயடியாகப் பார்வையிலிருந்து போய்விடும். அடுத்து, எதிரி 60 அடிக்குள் மந்திரம் போடுபவரா என்று பாருங்கள். ஆம் என்றால் கவுன்டர்ஸ்பெல்லுக்காக மூன்றாம் நிலை ஸ்லாட் ஒன்றைத் தொடாமல் வைத்துவிட்டு மற்றதில் தேர்ந்தெடுங்கள். உங்கள் பெயரை டி.எம். சொல்லும்போது கையில் இரண்டு மூன்று தேர்வுதான் மிஞ்சியிருக்கும். அதில் ஒன்றைச் சொல்லி, டி.சி. (டைஸில் எட்ட வேண்டிய எண்) 19 என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள் (8 + தேர்ச்சி 6 + இன்டெலிஜென்ஸ் 5). அந்த எண்ணை டி.எம். ஒவ்வொரு முறையும் கேட்கும்படி விடாதீர்கள்.

அடிக்கடி மறக்கப்படும் விதி ஒன்று உண்டு. போனஸ் ஆக்‌ஷனில் ‘மிஸ்டி ஸ்டெப்’ (சட்டென இடம் மாறும் ஸ்பெல்) போட்டால், அந்த டர்னில் ஆக்‌ஷனில் போடக்கூடியது கேன்ட்ரிப் (ஸ்லாட் கேட்காத எளிய ஸ்பெல்) மட்டும். தப்பித்துத் தள்ளி நின்று டிஸ்இன்டக்ரேட் அடிப்பது நடக்காது.

பெரிய எதிரிகளிடம் ‘லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ்’ இருக்கும். தோற்ற சேவிங் த்ரோவை வென்றதாக மாற்றிக்கொள்வது, வழக்கமாக ஒரு நாளைக்கு மூன்று முறை. அதனால் முதல் மூன்று பெரிய ஸ்பெல்கள் வீணாகலாம். சேவிங் த்ரோவே கேட்காதவற்றை இதற்காகவே வைத்துக்கொள்ளுங்கள். ‘மேஸ்’ போட்டால் எதிரி நேராக மறைந்துபோவான். வெளியே வர தன் ஆக்‌ஷனைச் செலவழித்து இன்டெலிஜென்ஸ் சோதனையில் 20 எடுக்க வேண்டும். முட்டாள் எதிரிக்கு அது பத்து நிமிடமும் முடியாது. லிச் எனும் சாகாத மந்திரவாதிக்கு அது நிற்காது, அதன் மூளை பெரிது. இன்னொன்றான ஃபோர்ஸ்கேஜ் (எதிரியை அடைக்கும் கூண்டு) போட 1,500 காசு மதிப்புள்ள மாணிக்கப் பொடி கையில் இருக்க வேண்டும். 2014 விதியில் அது செலவாகாது. 24 மணி நேரம் நின்று மனத்தைக் காக்கும் ‘மைண்ட் பிளாங்க்’கை முந்தைய இரவு படுக்குமுன் மிஞ்சியிருக்கும் எட்டாம் நிலை ஸ்லாட்டில் போட்டுவிடுங்கள். விடியும்போது பதினாறு மணி நேரம் மிச்சமிருக்கும், ஸ்லாட்டும் திரும்ப வந்திருக்கும்.

‘விஷ்’ (ஒன்பதாம் நிலை ஸ்பெல்) பற்றி: எட்டாம் நிலை வரை உள்ள எந்த ஸ்பெல்லையும், தயார் செய்யாவிட்டாலும், உங்கள் வகுப்பில் இல்லாவிட்டாலும், பொருள் செலவில்லாமல் போடலாம். அதற்கு எந்தத் தண்டனையும் இல்லை. அதைத் தாண்டி மனம்போல் ஏதாவது கேட்டால்தான் வினை. நீண்ட ஓய்வு வரை போடும் ஒவ்வொரு ஸ்பெல்லும் நிலைக்கு 1டி10 (பத்துமுக டைஸ் ஒருமுறை) வீதம் உங்களையே அடிக்கும், ஸ்ட்ரெங்த் 3-க்கு இறங்கும், இனி எப்போதுமே விஷ் போட முடியாமல் போக 33 சதவீத வாய்ப்பு. ஒருநாள் கதையில் கடைசிக் கட்டத்தில் இதைப் போடலாம். தொடர் கதையில் முதல் வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: விசார்டோடு கொஞ்சம் ஃபைட்டரையும் கலந்தால் ஆக்‌ஷன் சர்ஜில் ஒரே டர்னில் இரண்டு பெரிய ஸ்பெல் போடலாம் என்கிறான் நண்பன். உண்மையா?
— பென்னாகரம் வாசகர்

விதிப்படி உண்மைதான். ஆனால் பதினேழாம் லெவலில் விலை அதிகம். ஃபைட்டர் இரண்டு, விசார்ட் பதினைந்து என்று பிரித்தால் எட்டாம் நிலையோடு ஸ்லாட் நின்றுவிடும். ஒன்பதாம் நிலை கிடையாது. ஸ்கோர் உயர்வு கேரக்டரின் லெவலைப் பார்த்து வருவதல்ல, அந்தந்த வகுப்பின் லெவலைப் பார்த்து வருவது. அதனால் விசார்டின் பதினாறாம் லெவல் உயர்வும் போய்விடும். இருபதாம் லெவல் கதை என்றால் விசார்ட் 18, ஃபைட்டர் 2 நல்ல சேர்க்கை. பதினேழுக்கு வேண்டாம்.

கலந்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு ஃபைட்டர் லெவல், அதுவும் முதல் லெவலாக. முதல் வகுப்புதான் சேவிங் த்ரோ தேர்ச்சியைத் தரும். ஃபைட்டராகத் தொடங்கினால் கான்ஸ்டிடியூஷன் தேர்ச்சியும் கன கவசமும் கிடைக்கும். பின்னால் சேர்த்தால் இரண்டும் கிடைக்காது. கான்ஸ்டிடியூஷன் 14 உள்ள விசார்ட் அடிவாங்கியதும் கான்சன்ட்ரேஷனைக் காப்பாற்ற 10 எடுக்க வேண்டும். தேர்ச்சி இல்லாமல் 65 சதவீதம், தேர்ச்சியோடு 95. டி.சி. 10-ஆ, வாங்கிய அடியில் பாதியா, எது அதிகமோ அதுதான் இலக்கு என்பதையும் மறக்காதீர்கள். பழம்பெரும் சிவப்பு டிராகனின் நெருப்பு சராசரியாக 91. முழுதாக வாங்கினால் இலக்கு 45, யாராலும் முடியாது. எப்படிக் கட்டினாலும் நெருப்புக்கு வெளியே நிற்பதுதான் வழி.

கேள்வி: நேராகப் பதினேழில் தொடங்கும் கேரக்டரிடம் எவ்வளவு பணம், என்னென்ன மந்திரப் பொருள் இருக்கலாம்?
— அரூர் வாசகர்

டி.எம். கையேட்டின் வழக்கமான அளவு: 17 முதல் 20 லெவலுக்கு 20,000 தங்கக் காசு, அதோடு 1டி10-ஐ 250-ஆல் பெருக்கி வருவது. சராசரி 21,375. சாதாரண உலகில் இரண்டு ‘அன்காமன்’ பொருளும் ஒரு ‘ரேர்’ பொருளும். மந்திரம் மலிந்த உலகில் மூன்று அன்காமன், இரண்டு ரேர், ஒரு ‘வெரி ரேர்’. எத்தனை பொருள் இருந்தாலும் ‘அட்யூன்மென்ட்’ தேவைப்படுபவற்றில் மூன்றைத்தான் ஒருவர் பிணைத்துக்கொள்ள முடியும். நான்காவதாக ஒன்று வாங்கி வைத்து என்ன பயன்?

பணத்தை ஆயுதத்தில் கொட்டாதீர்கள். முழுத் தகட்டுக் கவசமே 1,500 காசுதான். உயர் லெவலில் காசு போவது ஸ்பெல் போடத் தேவையான ரத்தினங்களில். இறந்தவரை மீட்கும் ஸ்பெல்களில் ‘ரிவைவிஃபை’க்கு 300 காசு வைரம், ‘ரெய்ஸ் டெட்’டுக்கு 500, ‘ரெசரக்‌ஷன்’னுக்கு 1,000, எல்லாமே செலவாகிப்போகும். குழுவாகப் பேசி, 300 காசு வைரம் இரண்டும் 1,000 காசு வைரம் ஒன்றும் யாரிடம் இருக்கிறது என்று ஷீட்டில் எழுதிவிடுங்கள். வைரத்தை வைத்திருப்பவரே செத்துப்போனால் எடுப்பது எப்படி என்பதையும் பேசுங்கள்; ஒன்றைக் கிளெரிக்கிடமும் ஒன்றை வேறொருவரிடமும் வைப்பது நல்லது. விலை போட்ட பொருளுக்குக் காம்போனென்ட் பை (ஸ்பெல்லுக்கான சில்லறைப் பொருட்கள் உள்ள பை) ஈடாகாது. இதைக் கவனிக்காத டி.எம். இருந்தாலும், நீங்கள் கணக்கு வைத்து ஆடினால் விளையாட்டு நன்றாக இருக்கும்.

கேள்வி: தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியை உயர் லெவல் கேரக்டராகக் கட்ட ஆசை. ஔவையாரையும் சேர்த்து. எந்த வகுப்பு? நெல்லிக்கனியை எப்படி வைப்பது?
— தர்மபுரி, ஆசிரியை

எங்கள் மேஜைக்கு வந்த கேள்விகளில் மிகவும் பிடித்தது இதுதான். பாலடின் என்றுதான் முதலில் தோன்றும். சுற்றி நிற்பவர்களுக்குத் துணிவு தரும் அந்தத் திறன் ஒரு வேளிர் தலைவனுக்குப் பொருந்தும். ஆனால் பாலடினின் பலம் சபதத்திலிருந்தும் தெய்வ சக்தியிலிருந்தும் வருவது. அதியமானின் பெருமை அவன் கைவலிமையிலும் கொடையிலும் இருக்கிறது. ஃபைட்டராகவே கட்டுங்கள். வீரர் கையேடு உங்களிடம் இருந்தால் ‘பேட்டில் மாஸ்டர்’ பிரிவு. தன் அடியை விட்டுக்கொடுத்துக் கூட்டாளியை அடிக்கவைக்கும் உத்தி, சோர்ந்தவரைத் தேற்றும் உத்தி இரண்டும் அதில் உண்டு. ஆயுதம் வேல். கையேடு இல்லாமல் இலவச விதிகள் மட்டும் என்றால் ‘சாம்பியன்’ பிரிவு. பதினைந்தாம் லெவலிலிருந்து டைஸில் 18, 19, 20 எது விழுந்தாலும் கிரிட்டிக்கல் (அடிக்கான டைஸ் இரட்டிக்கும்).

ஔவைக்கு ‘பார்ட்’ (பாடியும் பேசியும் மந்திரம் போடும் வகுப்பு). கரிஸ்மா 20, ‘பெர்சுவேஷன்’னில் (பேசி இணங்கவைப்பது) எக்ஸ்பர்டீஸ். தேர்ச்சி 6 இரட்டித்து 12, கரிஸ்மா 5, ஆகக் கூட்டல் 17. கிட்டத்தட்ட முடியாதது என்று விதிநூல் வைக்கும் டி.சி. 30-ஐ, டைஸில் 13 விழுந்தாலே தொட்டுவிடுவார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போய், அவன் காட்டிய படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி, மாலை சூட்டி மின்னும் ஆயுதங்களைப் பார்த்து, எங்கள் தலைவனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று அவர் சொன்னதை நினையுங்கள். புகழ்வதுபோல் போருக்கு அஞ்சவைத்த பேச்சு அது. ஆடும்போதும் இப்படித்தான்: முதலில் என்ன சொல்கிறார் என்று ஆட்டக்காரர் வாயால் சொல்லட்டும், பிறகு டைஸ். சொன்னது கூர்மையாக இருந்தால் டி.எம். அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் கூடியதை எடுப்பது) தரலாம், அல்லது டி.சி.யைக் குறைக்கலாம். ‘17 கூட்டல், உருட்டுகிறேன்’ என்று மட்டும் சொன்னால் அங்கே ஔவை இல்லை.

நெல்லிக்கு விதிநூலில் நெருங்கிய ஒன்று இருக்கிறது: ‘போஷன் ஆஃப் லாஞ்சிவிட்டி’, குடித்தவரின் வயதை 1டி6 + 6 ஆண்டுகள் குறைக்கும் வெரி ரேர் பொருள். அதை அப்படியே எடுத்துவைத்தால் கதையின் உயிர் போய்விடும். எங்கள் யோசனை இது. கனியைக் கண்டெடுத்தவர் தானே தின்றால் ஒன்றும் ஆகாது. இன்னொருவருக்கு மனமுவந்து கொடுத்தால், பெற்றவருக்கு வயது குறைவதோடு ஒருமுறை, ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்கு இறங்கும்போது 1-ல் நிற்பார். கொடுத்தவருக்கு எதுவும் இல்லை. இதைக் கதையின் தொடக்கத்திலேயே விளையாடுபவர் கையில் கொடுத்துவிடுங்கள். யாருக்குக் கொடுப்பது என்ற தவிப்பு முழுக் கதைக்கும் வரும்.

கேள்வி: நான் டி.எம். மூன்று வாரம் திட்டமிட்ட டிராகனை இரண்டு ரவுண்டில் முடித்துவிட்டார்கள். ஓசூரிலிருந்து ஒகேனக்கல் போகும் வழியெல்லாம் எழுதி வைத்திருந்தேன். ‘டெலிபோர்ட்’ போட்டு நேராகப் போய் இறங்கிவிட்டார்கள். என்ன செய்வது?
— தேன்கனிக்கோட்டை வாசகர்

அவர்கள் திறனைப் பறிக்காதீர்கள். அதற்காகத்தானே பதினேழு லெவல் ஏறியிருக்கிறார்கள்.

முதலில் டிராகன். வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு ஹிட் பாயிண்ட் 256. ஐந்து பேர் ஒரு ரவுண்டில் ஐந்து டர்ன் எடுக்க, அது ஒன்று எடுத்தால் இரண்டு ரவுண்டு தாங்கியதே பெரிது. மற்றவர் டர்ன் முடிவில் வரும் மூன்று லெஜண்டரி ஆக்‌ஷன்களையும், இனிஷியேட்டிவ் (டர்ன் வரிசை எண்) 20-ல் வரும் குகையின் ஆக்‌ஷனையும் ஒன்றுகூட விடாமல் பயன்படுத்துங்கள். தரையில் நிற்க விடாதீர்கள். அது 80 அடி பறக்கும். நெருப்பு திரும்ப வர ஆறுமுக டைஸில் 5 அல்லது 6 விழ வேண்டும். வராத ரவுண்டில் எட்டாத உயரத்துக்குப் போகட்டும். கூடவே, விசார்டின் கான்சன்ட்ரேஷனைக் குலைக்க நான்கைந்து சில்லறை எதிரிகளும் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், டிராகன் அன்றைய முதல் சண்டையாக இருக்கக்கூடாது. ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறு முதல் எட்டு நடுத்தர மோதல்கள் என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் விதிகள் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றே ஒன்று வைத்தால் எல்லா ஸ்லாட்டும் அதன்மேல்தான் விழும். மாதம் ஒருமுறை கூடும் குழுவுக்கு எட்டு மோதல் முடியாது. மூன்று வையுங்கள், ஆனால் நடுவில் தூங்க நேரம் தராதீர்கள். சூரியன் மறைவதற்குள் முடிய வேண்டும் என்ற கெடு ஒன்று போதும்.

டெலிபோர்ட்டைத் தடுக்கத் தேவையில்லை. அதன் அட்டவணையை உருட்டச் சொல்லுங்கள். நன்றாகத் தெரிந்த இடத்துக்குச் சரியாகப் போய்ச்சேர 76 சதவீதம். யாரோ சொல்லக் கேட்ட இடம் என்றால் 27 சதவீதம்தான். 43 சதவீதம் விபத்து: ஆளுக்கு 3டி10 அடி வாங்கிக்கொண்டு மறுபடி உருட்ட வேண்டும். அதனால் ஒகேனக்கலுக்கு அவர்கள் போகட்டும். வில்லனின் இடத்தை, கேள்விப்பட்டிருக்க மட்டுமே முடிந்த வத்தல்மலைக் குகை ஒன்றாக வையுங்கள். அங்கிருந்து எடுத்துவந்த ஒரு பொருள் கையில் இருந்தால் குறி தவறாது என்று விதி இருக்கிறது. அந்தப் பொருளைத் தேடுவதே ஒரு கதை.

ஒகேனக்கலையும் வீணாக்காதீர்கள். ‘கண்ணில் படும் ஒருவர்மேல்’ என்று தொடங்கும் ஸ்பெல்கள் நிறைய. அருவியின் நீர்ப்புகை அடர்ந்த இடத்தை முழு மறைவு என்று அறிவித்துவிட்டால் கவுன்டர்ஸ்பெல் முதல் பாதி அட்டை செயலிழக்கும். எதிரிக்கும் அதே நிலைதான், அதனால் அநியாயம் இல்லை. பாறை இடுக்கில் பரிசல் ஓட்டிக்கொண்டே சண்டை போடட்டும். ஃப்ளை போட்டால் விசார்டின் கான்சன்ட்ரேஷன் அதில் போய்விடும், அதுவே உங்களுக்கு லாபம்.

கேள்வி: எல்லோரும் மந்திரம் போடும் லெவலில் ரோக் சும்மா கூடவே வருபவர்தானா?
— காவேரிப்பட்டினம் வாசகர்

இல்லவே இல்லை. டெக்ஸ்டெரிட்டி 20, ‘ஸ்டெல்த்’தில் (மறைந்து நடப்பது) எக்ஸ்பர்டீஸ் என்றால் கூட்டல் 17. பதினோராம் லெவலில் கிடைக்கும் ‘ரிலையபிள் டேலண்ட்’டால் 9-ம் அதற்குக் கீழும் 10 என்றே எண்ணப்படும். அதாவது உங்கள் ஸ்டெல்த் 27-க்குக் கீழே போகவே போகாது. பழம்பெரும் சிவப்பு டிராகனின் பாஸிவ் பெர்செப்ஷன் (தேடாமலே கவனிக்கும் எண்) 26. மறைவிடம் இருந்தால் அதன் குகையில் டைஸே தேவையில்லாமல் நடக்கலாம். 60 அடிக்குள் மட்டும் போகாதீர்கள். அதற்கு ‘பிளைண்ட்சைட்’ உண்டு, கண்ணை மூடியும் அறியும். ஷார்ட்போ 80 அடி வரை தடையின்றி எட்டும், அங்கிருந்து அடியுங்கள். பதினேழில் ஸ்னீக் அட்டாக் (ரோகின் கூடுதல் அடி) 9டி6, சராசரி 31. அது ஒரு டர்னுக்கு ஒருமுறை. ரவுண்டுக்கு ஒருமுறை அல்ல. இன்னொருவர் டர்னில் ரியாக்‌ஷனில் அடிக்க வாய்ப்பு வந்தால், நிபந்தனை சரியாக இருந்தால், மறுபடியும் 9டி6. பேட்டில் மாஸ்டர் கூட்டாளி இருந்தால் அந்த வாய்ப்பை அவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: புத்தகம் வாங்க வசதியில்லை. டைஸும் ஒரே ஒரு செட். உயர் லெவல் ஆட முடியுமா?
— பாலக்கோடு, பள்ளி மாணவர்

தாராளமாக முடியும், தம்பி. எஸ்.ஆர்.டி. 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. பி.டி.எஃப். இலவசம். எல்லா வகுப்பும் இருபது லெவல் வரை அதில் இருக்கிறது. ஆனால் வகுப்புக்கு ஒரே ஒரு உட்பிரிவு, ஃபீட்டும் ஒன்றே ஒன்று. முதல் பதிலில் சொன்ன ரெசிலியன்ட் அதில் இல்லை. அந்த இடத்தில் விஸ்டமுக்கே இரண்டு புள்ளி போடு. மூலத்தைக் குறிப்பிட்டால் அந்தத் தொகுப்பைத் தமிழில் எழுதிப் பகிரவும் உரிமை உண்டு. தமிழ் கேரக்டர் ஷீட் ஒன்றை நீங்களே தயாரித்து ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

டைஸுக்குச் சராசரி போதும். ஆறுமுக டைஸின் சராசரி 3.5. ‘மீட்டியர் ஸ்வார்ம்’ 40டி6 கேட்கும். 140 என்று எழுதிவிட்டுப் போ. அடிப்பதற்கும் சேவிங் த்ரோவுக்கும் இருபது முக டைஸை மட்டும் உருட்டு. நேரமும் மிச்சமாகும்.

கேள்வி: 2024-ல் வந்த புதிய விதிகளையும் பழையதையும் கலந்து ஆடலாமா?
— பர்கூர் வாசகர்

ஆடலாம், ஆனால் ஒரு கேரக்டரை ஒரே பதிப்பில் கட்டுங்கள். ஸ்பெல்களுக்கு எந்தப் பதிப்பு என்பதை முழு மேஜைக்கும் ஒன்றாக முடிவு செய்யுங்கள். உயர் லெவலில் சண்டை வருவது ஸ்பெல்லில்தான். பழைய கவுன்டர்ஸ்பெல் மூன்றாம் நிலை வரை தானாகவே வெட்டும். புதியதில் எதிரி கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோ உருட்டுவார், வெட்டுப்பட்டாலும் அவர் ஸ்லாட் போகாது. ஃபோர்ஸ்கேஜ் புதியதில் கான்சன்ட்ரேஷன் கேட்கும், மாணிக்கப் பொடியும் செலவாகும். ‘கிரேட் வெப்பன் மாஸ்டர்’ ஃபீட்டில் குறி உருட்டில் 5 கழித்து அடியில் 10 கூட்டும் பழைய பேரம் புதியதில் இல்லை. இந்த மூன்றையும் முதலில் பேசி முடித்துவிட்டு ஷீட்டை எடுங்கள்.